பூஜையறைச் சந்தனம்

துண்டால் உடம்பை ஒற்றியெடுத்தார். தேய்க்கக் கூடாது.

பூஜையறைக்குள் வந்து தாழ் போட்டார். ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும்.

முழங்கை, முழங்கால், இடுப்பு. களிம்பு பட்ட இடத்தில் வெள்ளிச் செதில் அடங்கியது. தோல் இளகியது. அரிப்பு தணிந்தது.

நடு முதுகுதான் எட்டவில்லை.

அது மனைவியின் இடம்.

களிம்பை உள்ளங்கையில் சூடாக்கி, மேலிருந்து கீழாக இழுப்பாள். வளையல் முதுகில் உரசாதபடி மேலே ஏற்றிவிட்டுக்கொள்வாள். சொரியாசிஸ் என்ற சொல்லை அவள் வீட்டுக்குள் ஒருநாளும் உச்சரித்ததில்லை. கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் உள்ளேயிருந்து ஒரே அழைப்பு வரும்.

"வாங்க, சந்தனம் காயுதுங்க."

ஒட்டுகிற நோயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் அப்படிச் சொல்லாது. பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டிய வீடு.

வாழ்நாளெல்லாம் வெள்ளையே உடுத்தினார். உதிர்வது தெரியாது. அதையும் ஊர் ஒழுக்கம் என்றது.

உறவுக்காரர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்றார்கள். மைசூர் போனவர்களெல்லாம் அவருக்கென்று சந்தனக் கட்டை வாங்கி வந்தார்கள். ஒன்றுகூட உரசப்படவில்லை. சாமி படங்களுக்குப் பின்னால் விறகு போல அடுக்கிக் கிடக்கின்றன. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிடுவாள்.

அவள் போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் மார்கழி இது.

பனியில் முதுகு வறண்டு வெடித்துவிட்டது. நேற்று வெள்ளைச் சட்டையில் இரத்தப் பொட்டு. யார் கண்ணிலும் படுவதற்கு முன் தானே குழாயடியில் அலசிப் போட்டார்.

மகனிடம் சொல்லலாம்.

ஆனால் மகன் முன்னால் அவர் சட்டையைக் கழற்றியதே இல்லை.

மறுபடியும் கையைப் பின்னால் வளைத்தார். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. விரல் நுனியிலிருந்த களிம்பு தரையில் விழுந்தது.

கதவு தட்டும் சத்தம்.

சட்டைக்குத் தாவினார்.

"அப்பா. சந்தனம் காயுதுங்க."

மகனின் குரல்.

சட்டை கையிலேயே நின்றது. கொடியில் காய்ந்த சட்டையை அவன் பார்த்திருக்க வேண்டும். அல்லது அவளே சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

சட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தாழை நீக்கினார்.

குளித்த ஈரத்தோடு மகன் நின்றான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவன். இன்று வெற்றுடம்பு.

இரண்டு முழங்கையிலும் வெள்ளிச் செதில்.

"எனக்கும் கொஞ்சம் வேணுங்கப்பா."

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து களிம்பை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். அவன் கையைப் பிடித்து, மேலிருந்து கீழாக இழுத்தார்.

பிறகு திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

காற்றில் கதவு மெல்லத் திறந்துகொண்டது. கூடத்தில் மருமகள் நடக்கும் சத்தம்.

அவர் எழுந்து சாத்தவில்லை.