நாற்காலியில் இருப்பவள்

"அந்த நாற்காலியில துணியை வைக்காதே. அவ உட்கார்ந்திருக்கா."

தைத்து முடித்த சட்டைகளை வைக்கப்போன மனைவி அப்படியே நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது.

"யாரு?"

கணவர் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பயப்படாதே. நானே மனசுக்குள்ள உண்டாக்கினவதான். இதுக்கு டல்பான்னு பேரு. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு ஆளை நினைச்சு நினைச்சு உருவாக்கணும். கொஞ்ச நாள்ல அந்த ஆள் தானாவே பேச ஆரம்பிக்கும்."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"தனியா இருக்கிறவங்க துணைக்குப் பண்ணுவாங்களாம். எனக்கு ஞாபக சக்திக்கு. மூளை ரெண்டு மடங்கு வேலை செய்யும்னு ஆபீஸ்ல பக்கத்து மேஜைக்காரர் சத்தியம் பண்றார்."

"அவருக்கு ரெண்டு மடங்கு வேலை செய்யுதா?"

"அவர் இன்னும் ஆரம்பிக்கலை."

கணவருக்குத் தபால் பிரிக்கும் வேலை. அதிலேயே நிலைக்க வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். மொத்தம் நானூறு தெருக்கள். எந்தத் தெருக் கடிதம் எந்தத் தட்டுக்குப் போகும் என்று யோசிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு தடவை தோற்றாயிற்று. இதுவும் போனால் மூட்டை தூக்கும் பிரிவுதான். அவருடைய முதுகு ஒரு மாதம்கூடத் தாங்காது.

முதல் தடவை தோற்றபோதே மனைவி ஒரு யோசனை சொன்னாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அதைத் தினமும் சொன்னாள். "தையல் வேற, தபால் வேற. உனக்கென்ன தெரியும்?" என்று அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

இப்போது என்னடாவென்றால், இல்லாதவள் பேச்சுக்கு ஒரு மணி நேரம் தலையாட்டுகிறார்.

"ஆம்பளையா உண்டாக்கினா ஞாபகம் வராதோ?"

"அதுவா பொம்பளையா வந்துடுச்சு. நான் என்ன பண்ண?"

"பார்க்க எப்படி இருப்பா?"

"முகம் இன்னும் சரியா வரலை."

"குணம்?"

கணவர் கொஞ்சம் சிரித்தார். "விஷயம் தெரிஞ்சவ."

அந்தச் சிரிப்பைத்தான் மனைவியால் பொறுக்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். என்றைக்காவது தன்னை நினைத்துக்கொண்டு இந்த மனிதர் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருப்பாரா?

தங்கைக்குப் போன் போட்டாள்.

"கண்ணுக்குத் தெரியற சக்களத்தின்னா முடியைப் பிடிச்சு இழுக்கலாம்டி. இவளுக்கு முடி இருக்கான்னே தெரியலையே!"

"விடுக்கா. செலவில்லாத சக்களத்தி. சேலை கேக்கிறாளா, செருப்பு கேக்கிறாளா?"

"என் புருஷன் காதையே கேக்கிறாளேடி."

மறுநாள் அந்த நாற்காலியில் நாலு குண்டூசியைக் குத்தி நிறுத்தினாள். அந்தச் சக்களத்தி உட்கார்ந்தாளோ என்னவோ, மறந்துபோய் இவர்தான் உட்கார்ந்தார். ஞாபக சக்தி அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

ஆனால் தெருப் பெயர்கள் மட்டும் கடகடவென்று வந்தன. குளிக்கும்போது சொன்னார், சாப்பிடும்போது சொன்னார். பாதியில் நிறுத்தி, நாற்காலியைப் பார்த்து, "ஆமா, ஆமா" என்று வேறு சொல்லிக்கொண்டார். அந்த "ஆமா"வைக் கேட்கும்போதெல்லாம் மனைவியின் மெஷினில் நூல் அறுந்தது.

பரீட்சை முடிந்து, முடிவும் வந்தது. நானூறுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

கணவர் துள்ளிக் குதித்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அந்த நாற்காலி முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் உன்னாலதான்!"

துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தரிக்கோலும் கையுமாக எழுந்து வந்தாள்.

"இந்த வீட்டுல ஒண்ணு அவ இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். இப்பவே சொல்லுங்க."

"என்ன பேச்சு இது? அவ மட்டும் இல்லேன்னா நான் நாளைக்கு மூட்டை தூக்கிட்டிருப்பேன். சாதாரண மூளையா அது?"

"அப்படி என்னதான் சொல்லிக் கிழிச்சா?"

"சொன்னா அசந்துடுவே." அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், அதில் ஏற்கெனவே இருப்பவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டு. "ஊரை ஒரு சட்டையா நினைச்சுக்கோன்னு சொன்னா. வடக்குத் தெரு எல்லாம் காலர். ஆத்தங்கரை இடது கை. ஸ்டேஷன் பக்கம் வலது கை. சந்தை வந்து பாக்கெட். நடுவுல போகுதே பெரிய ரோடு, அது பட்டன் பட்டி. ஒரு பட்டனுக்கு ஒரு முக்கு. ரெண்டு வருஷமா மண்டையில ஏறாத ஊரு, ரெண்டே வாரத்துல ஏறிடுச்சு! எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்காவது இது தோணியிருக்கா?"

மனைவி கத்தரிக்கோலை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொறாமை மட்டும் போகவில்லை.

"அவ குரல் எப்படிங்க இருக்கும்?"

"குரல் அவ்வளவு தெளிவா இருக்காது." கணவர் நெற்றியைச் சுருக்கினார். "அவ பேசறப்பல்லாம் பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கும். அது என்னன்னுதான் எனக்கு இன்னும் பிடிபடலை."

அவள் போய்த் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மிதிபலகையில் காலை வைத்து, நூலில்லாமலே கடகடவென்று நாலு மிதி மிதித்தாள்.

"இந்தச் சத்தமான்னு உங்க அவகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."