இரவல் தராத கோட்டு

"தர மாட்டேன்னா தர மாட்டேன்தான். அந்தக் கோட்டை நான் யாருக்கும் இரவல் குடுக்கறதில்லை."

சொல்லிவிட்டு அண்ணி வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயசு முப்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து அண்ணன் வீட்டுச் சாப்பாடு. இப்போதுதான் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேலாளர் வேலை கைக்கு எட்டுகிற மாதிரி வந்திருக்கிறது. கோட் போட்ட போட்டோவை இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

கட்டில் மேல் அவளிடம் இருந்த துணி அத்தனையும் கிடந்தது. பூப்போட்ட சட்டை உல்லாசப் பயணத்துக்குத்தான் ஆகும். கறுப்புச் சட்டை துவைத்துத் துவைத்துச் சாம்பலாகியிருந்தது. கோடு போட்ட சட்டையில் அக்குளில் தையல் விட்டிருந்தது. கோட்டுக்கு எங்கே போவாள்?

இத்தனைக்கும் ஹால் சுவரில் அண்ணி கறுப்புக் கோட்டில் ஜம்மென்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். கிளை மேலாளர் ஆனபோது எடுத்த போட்டோ. "வெளிநாட்டுத் துணி, அளவெடுத்துத் தைச்சது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்தப் போட்டோக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறவள் பாப்பாதான். கறுப்புக் கோட்டில் மேல் பட்டன் மட்டும் பழுப்பு நிறம் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

"ஒரு மணி நேரம்தானே அண்ணி? கடிச்சுத் தின்னுடவா போறேன்?"

"அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயேன்."

"கையில இஸ்திரி சுட்ட கறை இருக்கு."

"கை எங்க தெரியப்போகுது? பஸ் ஸ்டாண்டு எதிர்ல மாடியில ஒரு ஸ்டுடியோ இருக்கு. அங்கேயே போ. வேற எங்கேயும் போகாதே."

"கோட்டைத் தர மனசு வரலை. யோசனைக்கு மட்டும் குறைச்சல் இல்லை!"

செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று இறங்கினாள். கையில் சிக்கியதென்று அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள், அதுவும் எரிச்சல்.

சொந்த நாத்தனார், வயிற்றுப் பிழைப்புக்காகக் கேட்கிறாள். பீரோவில் பூட்டி வைத்துப் பூச்சி அரித்தாலும் அரிக்கட்டும், இன்னொருத்தி போட்டுவிடக் கூடாது. இப்படியும் ஒரு மனசு இருக்குமா!

வீம்புக்கு வேறொரு ஸ்டுடியோவுக்குத்தான் போனாள். பூட்டியிருந்தது. மற்றொன்றில், "நாளைக்குத்தான் கிடைக்கும்" என்றார்கள். தலையெழுத்தே என்று பஸ் ஸ்டாண்டு எதிர் மாடியில் ஏறினாள்.

போட்டோக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலைக்கா? கோட்டு இல்லையாம்மா? இதுக்கா இப்படி முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். ரெண்டு பேர் நுழையலாம் போல இருந்தது. துணி காயப்போடுகிற கிளிப்புகளால் முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடித்தார்.

"ஒல்லிக்கும் இதுதான், குண்டுக்கும் இதுதான். இந்த ஊர்ல பாதிப் பெரிய மனுஷங்க போட்டிருக்கறது இந்தக் கோட்டுதான். திரும்பிடாதீங்க, அவ்வளவுதான்."

பாப்பா கண்ணாடியைப் பார்த்தாள்.

மேல் பட்டன் பழுப்பு நிறம்.

அடிப்பாவி! வெளிநாட்டுத் துணியாம், அளவெடுத்துத் தைத்ததாம்! இல்லாத கோட்டுக்கா இத்தனை பவிசு? இத்தனை நாளாக இந்தப் பொய்யையா துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்தேன்? இருக்கட்டும். வீட்டுக்குப் போய் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றாவிட்டால் என் பெயர் பாப்பா இல்லை!

"கொஞ்சம் சிரிங்கம்மா."

சிரிப்புக்கா பஞ்சம்? போட்டோ அமோகமாக வந்தது. அங்கிருந்தே ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, கவரில் ஒரு பிரதியும் கொடுத்தார்.

வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசல் ஏறும்போது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதிர்ஷ்டம், எதிர்வீட்டு டீச்சரும் ஹாலில் இருந்தார். சாட்சி வைத்தே உடைக்கலாம்.

வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கவரை வாங்கிப் பிரித்துவிட்டார்.

"அடேயப்பா! யாரு, நம்ம பாப்பாவா இது? கண்ணே பட்டுடும் போல இருக்கு! கோட்டு யாரோடது? அண்ணியோடதா?"

அண்ணி முகம் வெளிறியது. உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் சமயம். பாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டாள். டீச்சர் கையில் இருந்த போட்டோ கண்ணில் பட்டது. யாரிடமும் கை ஏந்தி நிற்காதவள் மாதிரி, தலை நிமிர்ந்து, கம்பீரமாக ஒருத்தி. இது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னோடதுதாங்க" என்றாள்.

"அப்படியா! என் பொண்ணுக்கும் நாளைக்குப் போட்டோ எடுக்கணும். ஒரு மணி நேரம் குடேன் பாப்பா, பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்."

"இல்லைங்க டீச்சர்... தப்பா நினைக்காதீங்க. நான் அதை யாருக்கும் இரவல் குடுக்கறதில்லை."

டீச்சர் முகம் சுருங்கிப் போயிற்று. "மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்று வாசல்வரை கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பாப்பா அண்ணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணிதான் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்:

"முதுகுல கிளிப்பு ரொம்பக் குத்துச்சா?"