காய்ந்த தொட்டி

எதிர்வீட்டுத் தறி சாப்பாட்டுக்கு நிற்கும் இந்த அரைமணி நேரத்தில்தான் பாட்டைப் பதிய முடியும். தேவகி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் பாடுவது வாசலில் காய்ந்து கிடக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிய ஸ்பீக்கரில் ஒலித்து, பக்கத்திலுள்ள மைக் வழியாகக் கோயில் மண்டபத்தில் பாடியதுபோன்ற முழக்கத்தோடு அவள் காதுக்குத் திரும்புகிறது. அண்ணன் வீரபத்திரன் வெறுங்காலோடு தொட்டிக்குள் இறங்கியிருக்கிறான். "மைக்க நவுத்திக்கினு இருக்கேன், இன்னொரு தபா பாடும்மா." அவன் குரலுக்குப் பின்னால் மெல்லிய சீறல். தண்ணீருக்கு முன்னால் குழாயில் வரும் காற்று. அந்தச் சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடிப் பழகியவள் அவள். தண்ணீர் விடும் முறை நாளைக்கல்லவா! ஸ்பீக்கருக்குக் கரண்ட் போகும் வயரின் ஒட்டு தொட்டித் தரையில்தான் கிடக்கிறது. "அண்ணா, மேல ஏறு! தண்ணி வுட்டுட்டாங்க!" ஏதோ சொல்ல வாயெடுத்த அவன் குரலைத் தண்ணீர் விழும் இரைச்சல் விழுங்குகிறது. பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்குகிறாள். ஃபேன் நிற்கிறது, ஹெட்போனும் செத்துப்போகிறது. அவன் இருக்கிறானா என்று கேட்க இனி வழியில்லை. வாசலுக்கு ஓடித் தொட்டியின் இருட்டுக்குள் குனிகிறாள்.

"அண்ணா!"

அவன் தொட்டிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து ரசித்த அந்த நீண்ட எதிரொலி, தண்ணீர் இரைச்சலுக்கிடையே அவள் குரலை மட்டும் திருப்பித் தருகிறது.