கறவை நேரம்

வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றியமைக்கும் தேசத்தில் ஒரு மாட்டுத்தொழுவம் இருந்தது. கோடை முடிந்ததும் பண்ணைக்காரர் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார். மறுநாளிலிருந்து ஐந்து மணிக் கறவை ஒரு மணி நேரம் தாமதமாகும். செவலைப் பசுவுக்கு மடி கல்லாய்க் கனத்து வலிக்கும்.

“அக்கா, நல்ல செய்தி! இந்த மாற்றத்தையே ஒழிக்கப்போகிறார்களாம்,” என்றது கடிகாரம்.

செவலை அசைபோடுவதை நிறுத்தியது. “ஒழித்துவிட்டு எந்த நேரத்தை வைத்துக்கொள்வார்கள்?”

“அதை அரசாங்கக் குழு ஒன்று யோசிக்கிறது.”

“எத்தனை நாளாய்?”

“ஆறு வருடமாய். அவசரப்பட்டால் எப்படி?”

“அந்தக் குழுவில் மடி கனக்கிறவர் ஒருவராவது உண்டா?”

கடிகாரம் டிக் டிக் என்றது.

அன்று மாலையே பண்ணைக்காரர் முள்ளைப் பின்னால் திருப்பினார். “இதுதான் கடைசித் தடவை,” என்றது கடிகாரம். போன வருடமும் அது இதையேதான் சொன்னது.

விடியலில் மடி கனத்ததும் செவலை தொழுவம் அதிரக் கத்தியது. பதறி ஓடிவந்து கறந்து முடித்த பண்ணைக்காரர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு.

“செவலைக்கு ஐந்துக்குத்தானே மடி கனக்கும்! நேற்று இரண்டு தடவை திருப்பித் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது,” என்று முள்ளைப் பழையபடி ஐந்துக்குத் தள்ளினார்.

கடிகாரம் பூரித்துப்போனது. “பார்த்தாயா அக்கா, குழு முடிவெடுத்துவிட்டது!”