மஞ்சள் மாத்திரை

மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் சிறுமியின் ரத்தம் இறங்குகிறது. ஜன்னல் வெயில் பட்டு அது கருஞ்சிவப்பாக மினுங்குகிறது. ரத்தம் எவ்வளவு கெட்டி என்று அளக்க, ஆய்வகத்து அக்கா ஸ்டாப்வாட்சும் கையுமாகக் குழாயின் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்; போன மாதத்தைவிட இன்று ஆமை வேகம். ஐந்து வயதிலிருந்தே சர்க்கரை நோயோடு வளர்கிற அந்தப் பத்து வயதுக்காரி, எதிர் நாற்காலியில் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று குடிக்கிறாள். வந்ததிலிருந்து இது இரண்டாவது பாட்டில்; தாகம் அடங்கவில்லை. அவள் அம்மா கைப்பையிலிருந்து, ஆய்வுக்காகக் கொடுத்தனுப்பிய மஞ்சள் மாத்திரை டப்பாவை எடுத்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல மேசைமேல் வைக்கிறாள். டப்பா காலி. "ஒண்ணு விடாம கொடுத்துட்டேங்க. ரத்தத்தை இளக்குற விட்டமின்னு சொன்னீங்களே, நல்லா வேலை செய்யுது." அக்கா நிமிராமலே கேட்கிறாள்: "இன்சுலின் ஊசி நேரத்துக்குப் போடுறீங்கல்ல?" "காலையில மட்டும் போடுறேன். அதான் மாத்திரை இருக்கே, பிள்ளையை எதுக்கு நாலு தடவை குத்தணும்?" ரத்தம் கோட்டைத் தாண்டிப் போகிறது, கடிகாரத்தை நிறுத்தவேண்டிய கட்டைவிரல் அப்படியே நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆய்வுக்கு வந்த பாதிப் பேரின் மாத்திரைக்குள் இருப்பது விட்டமின் இல்லாத வெறும் எண்ணெய். யாருக்கு எது என்று அக்காவுக்கே தெரியாது. சிறுமி காலி பாட்டிலை நீட்டுகிறாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் தண்ணி." அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா? முன்னெல்லாம் கெஞ்சினாலும் குடிக்கமாட்டா."