வேலிக்கு அந்தப் பக்கத்துக் குழாய்

"பின்வீட்டுக்காரிதான் தண்ணியைத் திருடுறா. வேற யாரு?" என்றான் டெரில்.

பம்ப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடிலெய்டுக்கு வடக்கே பாதிப் பண்ணைகளுக்குப் பம்ப் பார்ப்பவள் அவள். வெயில் காலத்துக் கோழிப்பண்ணைக்காரர்களின் வசவு அவளுக்குப் பழக்கம்தான்.

"மொதல்ல பம்ப்பைப் பார்க்கலாம். அப்புறம் ஆளை ஜெயில்ல போடலாம்."

"வாயைக் குறைச்சு வேலையைப் பாரும்மா. ஓடலேன்னா கூலி கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

"நீ சொல்லாம இருந்தாத்தான் எனக்கு ஆச்சரியம்."

வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. கொட்டகைக்குள் கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு இரைத்தன. கூரைக்கடியில் ஓடும் குழாயிலிருந்து பனி மாதிரித் தண்ணீர் தூவினால்தான் அவை பிழைக்கும். காலையில் பம்ப் ஒழுங்காகவே ஓடுகிறது. மத்தியானம், உயிர் போகிற நேரம் பார்த்து, ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடுகிறது. நேற்று மட்டும் ஒரு தள்ளுவண்டி நிறையச் செத்த கோழிகளை அள்ளிப் புதைத்தான் டெரில்.

ஃபில்டரைக் கழுவியாயிற்று. தண்ணீர் தூவும் நாசில்களை வினிகரில் ஊறப்போட்டு உப்பை எடுத்தாயிற்று. சுவிட்சையும் புதுசாக மாற்றியாயிற்று.

ஹான் எல்லாவற்றையும் பூட்டி முடித்து பம்ப்பைப் போட்டாள். கொட்டகைக்குள் தண்ணீர் வெள்ளையாய்ப் புகை மாதிரி இறங்கியது. கோழிகளின் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. டெரிலின் இரைச்சலும்தான்.

சற்று நேரத்தில் தண்ணீரின் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் சரசரவென்று இறங்கியது. 'டக்'கென்று பம்ப் நின்றது.

"பார்த்தியா? இதுக்குத்தான் உனக்குக் கூலியா?"

"பம்ப்புல ஒண்ணும் இல்ல. உள்ள வர்ற தண்ணி குறையுது. குறைஞ்சா அது தானா நின்னுக்கும். நிக்கலேன்னா வெறுமனே ஓடி எரிஞ்சு போயிடும். ரோட்டுலேர்ந்து வர்ற குழாய் உனக்கு மட்டுமா?"

டெரிலின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"பின்னாடி மார்லீன் வீட்டுக்கும் அதான் போகுது. ஒரே நிலமா இருந்ததை ரெண்டாக்கி வித்தாங்க. குழாயை மட்டும் பிரிக்கல."

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிரிச்சிருக்கலாமே."

"செலவுல முக்கால்வாசி அவ தரணும்னேன். பாதிதான் தருவேன்னா. பேச்சு அங்கேயே நிக்குது."

"எத்தனை வருஷமா?"

"அதை விடு. நான் அப்பவே சொல்லல, அவதான்னு?"

மார்லீன் நோஸ்கேவுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கோழி நாற்றம் தாங்கவில்லை என்று அவள் ஊர் கவுன்சிலில் புகார் கொடுத்தாள். அவன் மறுநாளே கோழி எருக் குவியலை அவள் வேலியோரமாக மாற்றினான். அதற்கப்புறம் கொட்டகையின் பின்பக்கம் அவனே போவதில்லை. அவனுக்கே நாற்றம் தாங்கவில்லை.

"இந்த வெயில்ல ரோஜாச் செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருப்பா. என் கோழியெல்லாம் செத்தாத்தானே அவளுக்கு நாத்தம் போகும்? நல்லாக் கணக்குப் போட்டிருக்கா."

பெரிய ஸ்பானராகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

"எங்கே போறே?"

"அவ வால்வை மூடறேன். மூடிட்டுப் பிடியை உடைச்சுப் போடறேன். அப்புறம் எப்படித் திறக்கறான்னு பார்க்கலாம்."

"அது சட்டப்படி தப்பு, டெரில்."

"என் கோழியைக் கொல்றது சட்டப்படி சரியா?"

நடக்கவில்லை, ஓடினான். ஹான் பின்னாலேயே போனாள். அடிதடி ஆனால் தன் கூலிக்கு யார் பதில் சொல்வது என்ற கவலை அவளுக்கு.

கொட்டகையைச் சுற்றி, எருக் குவியலைத் தாண்டி, பின்பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் மார்லீன் நின்றுகொண்டிருந்தாள். மூக்கைச் சுற்றித் துணி. தலையில் வைக்கோல் தொப்பி. இரண்டு கையாலும் ஹோஸைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தண்ணீர் வேலியைத் தாண்டி, டெரிலின் கொட்டகைத் தகரக் கூரையில் விழுந்து ஆவி பறந்தது. அவளுக்குப் பின்னால் ரோஜாச் செடிகள் ஒன்றுவிடாமல் கருகி நின்றன.

"என்ன பண்றே?" என்றான்.

மார்லீன் மூக்குத் துணியை இறக்கினாள்.

"பார்த்தா தெரியல? உன் கூரையைக் குளிர வைக்கறேன். உனக்காக இல்ல, தப்பா நினைச்சுக்காதே. நாத்தம் உன்னோடது. உள்ள கிடக்கற ஜீவன் என்ன பண்ணிச்சு? வெயில் ஏறின நாள்லேர்ந்து தினம் மத்தியானம் இப்படி நிக்கறேன். தோள்பட்டை விட்டுப் போச்சு. நீ அந்தப் பக்கம் நிழல்ல நின்னுக்கிட்டு ஊரைத் திட்டறே."

ஹான் ஹோஸைப் பார்த்தாள். அது போய்ச் சேரும் குழாயைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

டெரில் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, வேண்டாம் என்று அசைத்தான். ஸ்பானர் எருவில் கிடந்தது.

மார்லீன் விடுவதாக இல்லை.

"அதுவும் அந்த ஓட்டை பம்ப்பை நம்பிக்கிட்டு இத்தனை கோழியை வளர்க்கறியே. நல்ல வேளை டெரில், தினமும் நான் குழாயைத் திறக்கவும் உன் பம்ப் நிக்கவும் சரியா இருக்கு. ஒரு நாள் நான் வராம இருந்திருந்தா உன் கோழிங்க கதி என்ன ஆகியிருக்கும்?"