பின்னணி இல்லாத நாற்காலி

நாலாவது காலையும் சுற்றி வெட்டி முடித்தபோது மருமகளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மாமனார் சங்கடத்தோடு நெளிந்தார்.

"ரொம்ப சிரமமா இருக்காம்மா?"

"கண்ணுதான் எரியுது மாமா. இதோட இருபத்தி நாலு ஆச்சு. இன்னும் நாப்பது இருக்கு."

வெட்டுப்பட்டது பிரம்பு நாற்காலி, அதுவும் கம்ப்யூட்டர் திரையில். மாமனாரின் பட்டறையில் பின்னுகிற நாற்காலிகளை இணையத்தில் விற்பதென்று குடும்பம் கூடி முடிவெடுத்திருந்தது. படத்தில் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் தெரியும் பட்டறைச் சுவரை நீக்குகிற வேலை மருமகள் தலையில் விழுந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பது அவள் செய்த குற்றம்.

சுவர் என்னவோ வெறும் நீலம்தான். ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமும் போய்விடும். ஆனால் பிரம்புப் பின்னலின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் துளி நீலம் எட்டிப் பார்க்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். ஒரு நாற்காலிக்கு நூற்றுச் சொச்சம் ஓட்டை, மாமனாரின் கைநேர்த்தி அப்படி.

வெள்ளிக்கிழமைதான் இணையக் கடை திறப்பு. அன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் மருமகள் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தாள். தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. பெரியம்மாக்காரி இன்னும் அதன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. நாற்பது நாற்காலியும் முடிந்தால்தான் பயணம்.

"இது என்னம்மா, நாற்காலிக்குப் பின்னாடி கட்டம் கட்டமா?" மாமனார் திரையில் விரலை வைத்தார். சுவர் போன இடத்தில் வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன.

"அதுவா மாமா? பின்னாடி ஒண்ணுமே இல்லேன்னு அதுக்கு அர்த்தம். கட்டம் தெரிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம். கடைப் பக்கத்துல ஏத்தினா அது காணாமப் போயிடும்."

"ஓட்டைக்குள்ளயும் கட்டம் தெரியணுமா?"

"ஆமா மாமா. அதுலதான் என் உயிரே போகுது."

மாமனார் குனிந்து அந்தக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மீதி நாப்பதையும் இன்னும் போட்டோவே எடுக்கல இல்ல? அதை என்கிட்ட விட்டுடு. கட்டத்தோடவே உன் கையில குடுத்துடறேன். நீ பொட்டியைக் கட்டு."

"உங்களுக்கு வருமா மாமா?"

"முப்பத்தஞ்சு வருஷமா பிரம்பு பின்னறேன். இந்தக் கட்டம் எனக்கு வராதா?"

கணவனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "போன்ல ஒரு மெசேஜை அழிக்கவே அப்பாவுக்கு நான் வேணும். அவரு இதைச் செய்யப் போறாரா?"

ஆனால் மாமனார் சொன்ன சொல்லில் நின்றார். அடுத்த மூன்று நாளும் காலையில் பட்டறைக்குப் போனவர் பொழுது சாயும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார். மகன் எட்டிப் பார்க்கப் போனால் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. "கவனம் சிதறும், போடா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

மருமகளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "இந்த வயசுல எனக்காக உக்காந்து கத்துக்கறாருடி. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பாங்க?" என்று தங்கையிடம் போனில் உருகினாள். குழந்தைக்கு வாங்கிய குட்டிச் சாக்ஸைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பென் டிரைவ் அவள் கைக்கு வந்தது.

"நாப்பதும் இருக்கும்மா. நாற்காலியெல்லாம் காலையிலயே லாரியில ஏத்தி வெளியூர்க் கிடங்குக்கு அனுப்பியாச்சு. இனி உனக்கு ஒரு வேலையும் இல்ல."

முதல் படத்தைத் திறந்தவள் அசந்துபோனாள். நாற்காலி கம்பீரமாக நின்றது. பின்னால் வெள்ளையும் சாம்பலுமாக அளவெடுத்த கட்டங்கள். நூற்றுச் சொச்சம் ஓட்டைக்குள்ளும் கட்டம்தான், மருந்துக்குக்கூட நீலம் இல்லை.

"நானே செஞ்சிருந்தாலும் இவ்வளவு சுத்தமா வந்திருக்காது மாமா" என்றாள். மாமனார் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

மூன்று மணிக்கு அந்தப் படத்தைக் கடைப் பக்கத்தில் ஏற்றினாள். பக்கத்தின் இளமஞ்சள் நிறத்தில் நாற்காலி வந்து நின்றது. கட்டங்களும் கூடவே வந்து நின்றன. அடுத்த படத்தை ஏற்றினாள், அதிலும் அப்படியே. ஏதோ தப்பான பட்டனைத் தட்டிவிட்டோம் என்று நினைத்துக் கம்ப்யூட்டரையே அணைத்து மறுபடி போட்டாள். ஒன்றும் மாறவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் வரிசையில் ஒரு சாம்பல் கட்டத்தில் பல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அதன் நிழலும் இருந்தது.

மாமனார் அவளுடைய பெட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். "வண்டிக்குச் சொல்லிடவாம்மா?"

"மாமா..." அவள் பல்லி மேல் விரலை வைத்தாள். "இதையெல்லாம் எந்த சாஃப்ட்வேர்ல செஞ்சீங்க?"

"சாஃப்ட்வேரா? சுவத்துல கட்டம் கட்டமா கோடு போட்டு ரெண்டு கோட்டிங் பெயிண்ட் அடிச்சேம்மா."